செம்பருத்தி எப்போது பூக்கும், எப்போது பூக்காது

வேலியோரம் நிற்கும் நாட்டுச் செம்பருத்திக்கு யாரும் உரம் வைப்பதில்லை. வருடம் முழுக்கப் பூக்கிறது. நர்சரியில் காசு கொடுத்து வாங்கிய ஹைபிரிட் செடி அப்படியில்லை. வரும்போது உள்ளங்கை அகலத்தில் இரண்டு பூவோடு வரும். அந்த இரண்டும் வாடியதும் மாதக்கணக்கில் வெறும் இலையாக நிற்கும். இல்லையென்றால் மொட்டு வைக்கும், அது விரல் நுனி அளவு வந்ததும் மஞ்சளாகிக் கீழே விழும். செம்பருத்தி வளர்க்கத் தொடங்கியவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான் இருக்கும்.

"இந்த உரத்தைப் போடுங்கள்" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் செடி பூவை எந்த இடத்தில் வைக்கிறது, ஏன் இத்தனை பூ வைக்க வேண்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்டால் வெயில், தண்ணீர், உரம், கத்தரிப்பு எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிடும். அப்புறம் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஒரு நாள் பூ

செம்பருத்திப் பூவுக்கு ஆயுள் ஒரு நாள். காலையில் விரியும், சாயங்காலம் சுருளும், மறுநாள் உதிரும். ஹைபிரிட் ரகங்களில் சில இரண்டு மூன்று நாள் தாங்கும், அவ்வளவுதான். பறித்து வைத்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. தண்ணீரில் போட்டாலும் போடாவிட்டாலும் அன்று முழுக்க விரிந்தே இருக்கும். பூஜைக்குக் காலையில் பறிக்கிற பூ சாயங்காலம் வரை வாடாமல் இருப்பது இதனால்தான்.

பூ ஒரு நாளோடு முடிவதால், தினமும் பூ இருக்க வேண்டுமானால் செடி தினமும் ஒரு மொட்டைத் தயாராக வைத்திருக்க வேண்டும். இன்று விரிகிற பூவுக்குப் பின்னால் நாளைய மொட்டு, அதற்கும் பின்னால் அடுத்த வாரத்து மொட்டு என்று வரிசை நிற்க வேண்டும். ரோஜா ஒரு பூவை ஒரு வாரம் வரை வைத்துக்கொண்டு இளைப்பாறலாம். செம்பருத்திக்கு அந்த வசதி இல்லை.

அந்த மொட்டு வருகிற இடம்தான் இதில் முக்கியம். புதிதாக வளரும் கிளையின் நுனிப் பக்கத்தில், இலைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள கக்கத்தில்தான் செம்பருத்தி மொட்டு வைக்கும். பூத்து முடிந்த கணுவில் மறுபடி பூ வராது, வேண்டுமானால் அங்கிருந்து புதுக் கிளை ஒன்று கிளம்பும். ஆக, புதுத் தளிர் ஓடினால்தான் பூ. வளர்ச்சி நின்றால் பூவும் நின்றுவிடும். செம்பருத்தி வளர்ப்பில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது இது ஒன்றுதான்.

வேலிச் செடி ஏன் உரமில்லாமல் பூக்கிறது என்பதும் இப்போது புரியும். அதன் வேருக்கு எல்லை கிடையாது, தலைக்கு மேல் வெயில் இருக்கிறது, போகிற வருகிறவர்கள் கிளையோடு ஒடிப்பதால் கத்தரிப்பும் இலவசமாக நடந்துவிடுகிறது.

குடும்பம்

பள்ளியில் உயிரியல் வகுப்பில் அறுத்துப் பார்த்த பூ இதுதான். ஐந்து இதழ், நடுவில் நீளமாக ஒரு குழல். மகரந்தத் தாள்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்ததுதான் அந்தக் குழல். அதற்குள்ளே சூல்தண்டு ஓடி, நுனியில் ஐந்து சிறிய வெல்வெட் குமிழாகப் பிரியும். அடுக்குச் செம்பருத்தியில் இந்த மகரந்தத் தாள்களில் பலவும் இதழாக மாறிவிட்டிருக்கும். அதனால்தான் அதன் நடுவே ரிப்பனைக் கசக்கி வைத்ததுபோல் இருக்கிறது.

இந்தக் குழல் அமைப்பு மால்வேசி குடும்பத்தின் அடையாளம். வெண்டைப் பூவையும் பருத்திப் பூவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சொந்தம் தெரிந்துவிடும். பூவரசு, துத்தி, புளிச்சகீரை எல்லாம் அதே வகையறா. இன்றைய வகைப்பாட்டில் இலவம் பஞ்சு மரம், கொக்கோ, டுரியான்கூட இந்தக் குடும்பத்தில்தான் வருகின்றன. இது வெறும் பொது அறிவுக்காகச் சொல்வதல்ல. வெண்டைக்காயைத் துளைக்கிற புழு செம்பருத்தி மொட்டையும் துளைக்கும், பருத்தியில் ஏறுகிற மாவுப்பூச்சி செம்பருத்தியிலும் ஏறும். மாடியில் வெண்டைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே செம்பருத்தியை வைக்கிறவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

தாவரவியலில் இதன் பெயர் ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ். 1753-இல் லின்னேயஸ் வைத்தது. பெயரில் சீனா இருந்தாலும் அங்கே காட்டில் இது தானாக வளர்ந்ததற்கு அடையாளம் இல்லை. பசிபிக் தீவுகளைச் சேர்ந்த இரண்டு இனங்களின் கலப்பில் பிறந்து, மனிதர் கை மாறி மாறி ஆசியாவுக்கு வந்திருக்கலாம் என்பது அண்மைக்கால ஆய்வாளர்களின் கருத்து. மலேசியா 1960-இல் இதைத் தன் தேசிய மலராக அறிவித்தது. அங்கேயும் இது வந்தேறிச் செடிதான்.

வெயிலும் தொட்டியும்

ஒரு நாளில் குறைந்தது ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். "வெளிச்சம் நல்லா வரும்" என்பது வேறு, வெயில் என்பது வேறு. வடக்குப் பார்த்த பால்கனியில் செம்பருத்தி பச்சைப் பசேல் என்று வளரும், பூக்க மட்டும் செய்யாது. கிழக்குப் பார்த்த பால்கனி நல்லது. மேற்குப் பார்த்ததென்றால் சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் கொஞ்சம் நிழல் தேவைப்படும், அதுவும் ஹைபிரிட்டுக்குத்தான். நாட்டுச் சிவப்பு எந்த வெயிலையும் தாங்கும். ஆனால் குளிர் எந்த ரகத்துக்கும் ஒத்துக்கொள்ளாது. 10 டிகிரிக்குக் கீழே போனால் இலையை உதிர்க்கத் தொடங்கும், அதனால் ஊட்டியில் சென்னை மாதிரி பூக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

தொட்டி 12 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நர்சரியிலிருந்து கறுப்புக் கவரில் வரும் செடியைப் பெரும்பாலும் கெட்டியான களிமண்ணில் உருண்டை பிடித்து வைத்திருப்பார்கள். அதை அப்படியே தொட்டியில் இறக்கினால் உருண்டைக்குள் தண்ணீர் இறங்காது, சுற்றியிருக்கும் புது மண் மட்டும் ஈரமாக இருக்கும். அந்த உருண்டையின் வெளிப்பக்கக் களிமண்ணைக் கையால் மெதுவாக உதிர்த்துவிட்டு நட வேண்டும். மண் கலவை செம்மண், மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றும் ஏறத்தாழ சம அளவு இருந்தால் போதும். நார்க்கழிவை இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள், அதில் உப்பு இருக்கும். தொட்டியின் அடித்துளை அடைபடக் கூடாது. மற்றபடி மண் கலவை பற்றி யூடியூபில் நடக்கும் சண்டைகளில் தலையிட வேண்டாம்.

வாங்கி வந்த அன்றே தொட்டி மாற்றாமல் ஒரு வாரம், பத்து நாள் பொறுப்பது நல்லது. நர்சரியில் பசுமை வலைக்குக் கீழே நின்ற செடி மொட்டை மாடி வெயிலுக்கு வந்ததும் இருக்கிற மொட்டை எல்லாம் உதிர்க்கும். பயப்பட வேண்டாம், இடம் மாறிய செம்பருத்தி அப்படித்தான் செய்யும்.

தண்ணீர்

மேல் மண்ணில் விரலை ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக வெளியே வரும் வரை ஊற்றுங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். கோடையில் மாடித் தொட்டிக்குத் தினம் இரண்டு வேளைகூடத் தேவைப்படும், கார்த்திகையில் நாள்கணக்கில் ஊற்றவே வேண்டியிருக்காது. மொட்டு நிற்கிற நேரத்தில் ஒரே ஒரு நாள் செடியை நன்றாகக் காயவிட்டாலும் மொட்டு உதிரும். செடி முதலில் கைவிடுவது மொட்டைத்தான், இலையை அப்புறம்தான். ஊருக்குப் போய்த் திரும்பி வந்தவர்களின் செடியில் இலை எல்லாம் நன்றாக இருக்க, மொட்டு மட்டும் தொட்டியைச் சுற்றிக் கிடக்கும்.

சாப்பாடு, அதில் ஒரு தப்பு

இது பசி அதிகமுள்ள செடி. தொட்டியில் இருக்கிற மண்ணின் சத்து சில மாதங்களில் தீர்ந்துவிடும். மாதம் ஒரு முறை இரண்டு கை மண்புழு உரம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை கடலைப் புண்ணாக்கு ஊற வைத்துப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து ஊற்றுவது ஆகியவை நாட்டு ரகத்துக்குப் போதும். ஹைபிரிட்டுக்குக் கூடவே சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், அதிகமுள்ள உரம் சிறிதளவு தேவை.

தவறு நடப்பது மணிச்சத்தில், அதாவது பாஸ்பரஸில். "பூ வர மணிச்சத்து வேண்டும்" என்று எல்லோரும் சொல்வதால் பலரும் டி.ஏ.பி. என்ற ரசாயன உரத்தை வாங்கித் தொட்டியில் போடுகிறார்கள். டி.ஏ.பி.யில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், 18 சதவீதம், மணிச்சத்து 46 சதவீதம், சாம்பல் சத்து சுழியம். செம்பருத்திக்கு இது கிட்டத்தட்டத் தலைகீழான விகிதம். மணிச்சத்து மண்ணில் சேரச் சேர, இரும்பு போன்ற நுண்சத்துகளை வேர் எடுக்க முடியாமல் போகும். ரோஜாவுக்குப் போடுகிற எல்லாவற்றையும் இதற்கும் போடலாம் என்று நினைப்பதால் வருகிற வினை. மணிச்சத்து குறைவாகவும் சாம்பல் சத்து கூடுதலாகவும் உள்ள கலவைதான் இதற்குச் சரி.

இலை மஞ்சளாவதைப் பார்த்து இதில் பல விஷயம் கண்டுபிடிக்கலாம். அடி இலை ஒன்றிரண்டு மஞ்சளாகி விழுந்தால் அது வயது, விட்டுவிடுங்கள். அடி இலைகள் பரவலாக வெளிறினால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். நுனியிலுள்ள புது இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறைபாடு. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் இது சாதாரணம். மண்ணின் காரத்தன்மை கூடக் கூட, மண்ணில் இரும்பு இருந்தாலும் செடிக்குக் கிடைக்காது. வேர் எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவில் கடையில் கிடைக்கும் இரும்பு கீலேட்டைக் கரைத்து மண்ணில் ஊற்றலாம். இல்லையென்றால் அன்னபேதி உப்பை, அதாவது இரும்பு சல்பேட்டை, லிட்டருக்கு 5 கிராமுக்கு மேற்படாமல் கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் சாயங்காலத்தில் இலையில் தெளிக்கலாம். மழைத் தண்ணீர் பிடித்து வைத்து ஊற்ற முடிந்தால் அதைவிட நல்ல மருந்து இல்லை.

அடுப்புச் சாம்பலைப் போடச் சொல்பவர்கள் உண்டு. அதில் சாம்பல் சத்து இருப்பது உண்மைதான், ஆனால் அது காரத்தன்மையையும் ஏற்றும். ஏற்கெனவே உப்புத் தண்ணீர் என்றால் சாம்பல் பக்கமே போகாதீர்கள். முட்டை ஓடும் அப்படித்தான். வாழைப்பழத் தோல் ஊற வைத்த தண்ணீரால் கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. தோலை மக்க வைத்து உரமாகப் போடுவது மேல்.

மொட்டு உதிர்ந்தால்

முதலில் உதிர்ந்த மொட்டு ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் காரணம் தண்ணீர், வெயில் சூடு, இட மாற்றம் இவற்றில் ஏதோ ஒன்று. வெயில் 40 டிகிரியைத் தொடுகிற நாள்களில் ஹைபிரிட் செடி மொட்டை உதிர்ப்பது இயல்பு, அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டாம். உள்ளே சின்னஞ்சிறு வெள்ளைப் புழு நெளிந்தால் அது மொட்டு ஈயின் வேலை. உதிர்ந்த மொட்டைத் தொட்டியிலேயே விட்டால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டி, ஈயாகித் திரும்ப வரும். விழுந்த மொட்டு, விழப்போகிற மஞ்சள் மொட்டு எல்லாவற்றையும் தினம் பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். சில வாரம் விடாமல் செய்தால் மருந்தே இல்லாமல் அடங்கும்.

அடுத்த எதிரி மாவுப்பூச்சி. நுனித் தளிரில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் தெரியும், தளிர் சுருண்டு முடிச்சாகிவிடும். தளிர் போனால் பூவும் போயிற்று என்பது முன்பே பார்த்த கணக்கு. குறைவாக இருக்கும்போது அந்த நுனியை வெட்டி எறிவதுதான் வேகமான வழி. மீதிக்குத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயில் ஒரு மில்லி அளவு சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு வாரம் ஒரு முறை தெளிக்க வேண்டும். செடியில் எறும்பு வரிசை போகிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், அதனால் எறும்பை ஒழிக்காமல் மாவுப்பூச்சியை ஒழிக்க முடியாது.

2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகத் தென்பட்டபோது பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பல பயிர்கள் அடிபட்டன. வீட்டுச் செம்பருத்தியும் தப்பவில்லை. மருந்து அடித்து அதைக் கட்டுப்படுத்த முடியவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த சின்ன ஒட்டுண்ணிக் குளவிகள்தான் கட்டுப்படுத்தின. இன்னொரு நண்பன் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட, மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டு. அதன் புழு உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழையோடு மாவுப்பூச்சியைப் போலவே இருக்கும். கொஞ்சம் பெரிதாக, வேகமாக ஊர்ந்துகொண்டிருந்தால் அதை நசுக்காதீர்கள்.

கத்தரிக்கப் பயப்படுகிறவர்களுக்கு

நன்றாக வளர்ந்த செடியை வெட்ட யாருக்கும் மனசு வராது. ஆனால் வெட்டாத செம்பருத்தி நாலு நீளக் குச்சியாக வளர்ந்து, உச்சியில் மட்டும் பூக்கும். ஒரு நுனியை வெட்டினால் அதற்குக் கீழேயுள்ள கணுக்களிலிருந்து இரண்டு மூன்று கிளை வரும். ஒவ்வொரு கிளையும் தனித்தனியாக மொட்டு வைக்கும். பூவின் எண்ணிக்கையைக் கூட்ட இதைவிட மலிவான வழி கிடையாது.

தை கடைசியிலிருந்து மாசிக்குள், வெயில் ஏறுவதற்கு முன் வெட்டுவது நம் ஊருக்குப் பொருந்தும். கிளையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கை, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்டுங்கள். காய்ந்த கிளையும், உள்பக்கம் பார்த்துப் பின்னிக்கொண்ட கிளையும் போகட்டும். வெட்டிய கிளையில் மறுபடி பூப்பதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும், இதைச் சொல்லாமல் விடுவதால்தான் "கத்தரித்தேன், பூவே நின்றுவிட்டது" என்ற புகார் வருகிறது. தினமும் பூஜைக்குப் பூ வேண்டும் என்பவர்கள் மொத்தமாக வெட்டாமல், இந்த மாதம் பாதிக் கிளை, அடுத்த மாதம் மீதி என்று வைத்துக்கொள்ளலாம். வைகாசி வெயிலில் மொட்டையடிக்காதீர்கள், தண்டு வெந்துவிடும்.

எதை வாங்குவது

முதல் செடியென்றால் நாட்டுச் சிவப்பு ஒற்றையோ அடுக்கோ வாங்குங்கள். வெள்ளை, இளஞ்சிவப்பு ஒற்றையும் ஏறக்குறைய அதே அளவு உறுதி. ஒரே பூவில் மஞ்சள், ஆரஞ்சு, ஊதா என்று மூன்று நிறம் காட்டும் ஹைபிரிட் ரகங்கள் அழகுதான், ஆனால் வேர் பலவீனம் என்பதால் பலவற்றையும் நாட்டுச் செடியின் மேல் ஒட்டுக் கட்டித்தான் விற்கிறார்கள். ஒட்டுக்குக் கீழேயிருந்து கிளம்பும் தளிரை உடனே கிள்ளிவிட வேண்டும். விட்டால் அடிச்செடி மேற்செடியை அமுக்கிவிடும், "மஞ்சள் செடி வாங்கினேன், சிவப்பு பூக்கிறது" என்று நர்சரிக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டியிருக்கும். மஞ்சள் செடி கோடையில் ஒரு நிறத்திலும் மார்கழியில் இன்னொரு நிறத்திலும் பூத்தால் அதற்கு யாரும் பொறுப்பில்லை, வெப்பநிலைக்கு ஏற்ப இதழின் நிறமிகள் மாறுகின்றன.

டீ போடுவதற்காக வளர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் செம்பருத்தி டீ என்று வருகிற புளிப்பான அடர்சிவப்புத் தூள் பெரும்பாலும் புளிச்சகீரை இனத்தின் சதைப்பற்றான புல்லிவட்டம், அதாவது பூவின் அடியிலுள்ள உறை. நம் வீட்டுச் செம்பருத்தி இதழில் அந்தப் புளிப்பு கிடையாது. இதழைக் கொதிநீரில் போட்டு எலுமிச்சை பிழிந்தால் நல்ல சிவப்பு வரும், அதே சாற்றில் சோப்புத் தண்ணீரை விட்டால் பச்சையாகிவிடும். குழந்தைகளுக்குக் காட்ட நல்ல வேடிக்கை. குடிக்கிற டம்ளரில் மட்டும் செய்துவிடாதீர்கள்.

குச்சியும் விதையும்

நாட்டுச் செம்பருத்தியைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். மழைக்காலத்தில் பென்சில் கனமுள்ள, முழுப் பச்சையும் முழு மரமும் ஆகாத கிளையில் ஒரு சாண் நீளம் வெட்டிக்கொள்ளுங்கள். அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு, அதையும் பாதியாக நறுக்கி, மணல் கலந்த மண்ணில் இரண்டு கணு புதையும்படி நடுங்கள். நிழலில், ஈரம் காயாமல் வைத்திருந்தால் நாலு முதல் ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். தளிர் வந்ததும் வேர் வந்துவிட்டது என்று பிடுங்கிப் பார்க்கிற ஆசையை அடக்குங்கள், குச்சியில் மிச்சமிருக்கும் சத்திலேயே முதல் தளிர் வந்துவிடும்.

நாட்டுச் சிவப்பு விதை வைப்பது அரிது. தேன்சிட்டு தினமும் வந்தாலும் காய் பிடிக்காது, தேன்சிட்டும் பல சமயம் பூவின் அடியில் துளை போட்டுத் தேனை மட்டும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். ஊர் முழுக்க இருக்கும் நாட்டுச் செடிகள் குச்சியிலிருந்து குச்சியாகப் பரவியவைதான். ஹைபிரிட் செடிகளில் சிலவற்றில் விதை எடுக்கலாம். காலையில் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து, வேறொரு ரகத்தின் நுனியிலுள்ள அந்த ஐந்து குமிழிலும் தடவி, காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். பூ உதிர்ந்த பிறகும் அடிப்பகுதி பச்சையாக நின்று பருத்தால் காய் பிடித்திருக்கிறது. பல முறை தடவினால் ஏதாவது ஒன்று நிற்கும். அந்த விதையில் வருகிற ஒவ்வொரு செடியும் வெவ்வேறு நிறத்தில் பூக்கும், முதல் பூவுக்கு ஒரு வருடம் வரை ஆகலாம். வந்த நிறம் பிடிக்கவில்லையென்றால், ஒட்டுக் கட்டிப் பழக ஒரு அடிச்செடி கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.